ஜே1407பி: சனியை மிஞ்சிய வளையங்கள் உண்மையிலேயே காணப்பட்டனவா?

கேள்வி: விஞ்ஞான ஆசிரியை, கொழும்பு

வணக்கம். கொழும்பில் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அடுத்த தவணையில் நடைபெறவுள்ள கண்காட்சிக்காக மாணவர்கள் சிலர் ஞாயிற்றுத் தொகுதிக்கு அப்பாலுள்ள உலகங்களைப் பற்றிய காட்சிப் பலகை ஒன்றைத் தயாரித்து வருகிறார்கள். அதன் நடுவில் ஒட்டுவதற்காக இணையத்திலிருந்து அவர்கள் எடுத்து வந்த படத்தில், ஒரு கோளைச் சுற்றி எண்ணற்ற வளையங்கள் வானம் முழுவதும் பரந்து கிடக்கின்றன. படத்தின் கீழே, இது ஜே1407பி என்றும், இதன் வளையங்கள் சனியின் வளையங்களைவிட 200 மடங்கு பெரியவை என்றும், இது எந்த விண்மீனையும் சுற்றாமல் விண்வெளியில் தனியே அலைந்து திரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இதே குழுவைச் சேர்ந்த மற்றொரு மாணவி, தான் வாசித்த கட்டுரையில் இது ஒரு விண்மீனைச் சுற்றிவரும் கோள் என்றே இருந்ததாகக் கூறி, அந்த வாக்கியத்தை அழிக்கச் சொல்கிறாள். இருவரும் தங்கள் பக்கத்துக்கு அச்சிட்ட தாள்களைக் காட்டுகிறார்கள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதைவிட, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அவர்களே அறிந்து எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். ஆகவே அறிந்தவர்கள் பின்வருவனவற்றை விளக்கி உதவ வேண்டும்: வளையங்கள் என்று சொல்லப்படுபவை எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டன? அந்தப் பொருள் விண்மீனைச் சுற்றுகிறதா, அல்லது தனியே மிதந்து செல்கிறதா? கொழும்பிலிருந்து அந்த இடத்தையாவது மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?

பதில்: தென்வானம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் பலகையில் எல்லாவற்றுக்கும் மேலே எழுதப்பட வேண்டியது, அந்தப் படம் ஓர் ஓவியம் என்பதே. ஜே1407பியின் வளையங்களை எந்தத் தொலைகாட்டியும் படம் பிடித்ததில்லை. காணப்பட்டது ஒன்றே ஒன்று: 2007ஆம் ஆண்டில் ஒரு விண்மீன் சில வாரங்கள் மங்கி, மீண்டும் பழைய ஒளிக்குத் திரும்பியது. மற்ற அனைத்தும் அந்த மங்கலிலிருந்து கணித்துப் பெறப்பட்டவை. கணித்துப் பெற்றது என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் கண்டதையும் கணித்ததையும் மாணவர்கள் பிரித்து எழுதப் பழகுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நடந்தது இதுதான். தென்னாபிரிக்காவின் சதர்லண்டில் சுப்பர்வாஸ்ப் என்னும் கருவி ஒன்று இயங்கி வந்தது. அது பெரிய தொலைகாட்டி அன்று; 200 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள புகைப்பட வில்லைகள் எட்டினை ஒரே தாங்கியில் பொருத்தி, இரவு முழுவதும் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, இலட்சக்கணக்கான விண்மீன்களின் பிரகாசத்தை அளந்து சேமிக்கும் ஏற்பாடு. அவ்வாறு சேமிக்கப்பட்ட அளவீடுகளை, அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் பெக்கோட், எரிக் மாமாஜெக் ஆகியோர் 2010இல் ஆராய்ந்தபோது, சென்ரோரஸ் மண்டலத்திலுள்ள ஜே1407 என்ற இளம் விண்மீனின் ஒளி வரைபு அவர்களைத் தடுத்து நிறுத்தியது. 2007 ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 56 நாள் காலப்பகுதியில் அந்த விண்மீன் மங்கியும் தெளிந்தும் மங்கியும், மிக ஆழமான கட்டத்தில் தன் ஒளியில் ஏறத்தாழ 95 வீதத்தை இழந்திருந்தது. இந்த ஆய்வு 2012இல் வெளியானது. சிலியிலிருந்து முழு வானத்தையும் கண்காணித்து வந்த வேறொரு கருவியின் அளவீடுகளிலும் அதே மங்கல் இருந்தது. எனவே கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட வழியில்லை.

அந்த வரைபை மாணவர்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். ஒரு கோள் விண்மீனுக்குக் குறுக்கே சென்றால் ஒளி சில மணி நேரத்துக்கு ஓரிரு வீதம் குறைந்து, ஒரு சீரான பள்ளம் போலத் தோன்றும். இங்கே அப்படியில்லை. பெரிய பள்ளத்துக்குள் சிறிய பள்ளங்கள். அவற்றுக்குள் இன்னும் சிறியவை. சில இரவுகளில் மாலைக்கும் விடியலுக்கும் இடையிலேயே ஒளி வெகுவாக ஏறி இறங்குகிறது. இத்தனை குழப்பத்துக்குள்ளும் 2007 ஏப்ரல் 29ஐ ஒட்டிய நாளை நடுவாக வைத்துப் பார்த்தால், இருபுறமும் பொதுவான ஒரு சமச்சீர் தெரிகிறது. முகில் போன்ற தூசு தாறுமாறாகக் கடந்து சென்றிருந்தால் இந்தச் சமச்சீரை எதிர்பார்க்க முடியாது. வட்டமான, தட்டையான, இடையிடையே வெளிகளைக் கொண்ட ஓர் அமைப்பு சாய்வாகக் கடந்து சென்றால் இப்படித்தான் இருக்கும். விண்மீனின் சொந்தப் புள்ளிகளாலும் ஒளி மாறுவதுண்டுதான். அது தன்னைத்தானே சுற்ற எடுக்கும் 3.2 நாளுக்கு ஒருமுறை சிறு ஏற்றத்தாழ்வு வருகிறது. ஆனால் அது சில வீதமே. 95 வீத ஒளியை மறைக்க அது போதாது.

வளையங்களின் அளவு எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்களே கணக்கிடலாம். ஒளி எவ்வளவு விரைவாக ஏறி இறங்கியது என்பதிலிருந்து, மறைக்கும் விளிம்பு விண்மீனின் வட்டத்தை எந்த வேகத்தில் கடந்தது என்று அறியலாம்; அது செக்கனுக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். 56 நாளைச் செக்கன்களாக்கி 35ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 170 மில்லியன் கிலோமீற்றர் கிடைக்கும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரமோ 150 மில்லியன் கிலோமீற்றர்தான். மத்தியூ கென்வேர்தியும் மாமாஜெக்கும் 2015இல் வெளியிட்ட விரிவான மாதிரியில் வளையங்களின் ஆரை ஏறத்தாழ 90 மில்லியன் கிலோமீற்றர், அதாவது விட்டம் 180 மில்லியன் கிலோமீற்றர், என்று வந்தது. கையால் போட்ட கணக்கு அதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். படத்தின் கீழுள்ள "சனியைவிட 200 மடங்கு" என்பதற்கு அடிப்படை அந்த மாதிரியே.

விண்மீன் மங்குவதைக் கொண்டு வளையங்களை அறிவது புதிய முறையும் அன்று. 1977 மார்ச் 10ஆம் திகதி யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் செல்லும் நேரத்தைப் பல நாட்டு வானியலாளர்கள் காத்திருந்து அளந்தபோது, கோள் வருவதற்கு முன்னரே விண்மீன் சில தடவைகள் கண்சிமிட்டியது. கோள் கடந்து சென்ற பின்னரும் அதே வரிசையில் மறுபடி மங்கியது. யுரேனஸின் வளையங்கள் அவ்வாறே கண்டுபிடிக்கப்பட்டன. தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வு நிலையத்திலும் அன்று அந்த மங்கல் பதிவானது. அங்கிருந்தவர்கள் அதை முதலில் யுரேனஸின் புதிய சந்திரன் என்று கருதினார்கள். மறுபுறத்து மங்கல்களோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் வளையம் என்பது உறுதியானது. ஜே1407பி விடயத்திலும் இருபுறச் சமச்சீருக்கு அவ்வளவு முக்கியத்துவம் அளிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. சனியின் முதன்மையான வளையங்கள் சனிக்கு மிக அருகில் இருப்பதால், அதன் ஈர்ப்பு அந்தத் துணுக்குகளை ஒன்றுசேர விடுவதில்லை. ஆகவே அவை வளையங்களாகவே நீடிக்கின்றன. ஜே1407பியைச் சுற்றியுள்ள பொருளின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு வெகு தொலைவுக்கு அப்பால் கிடக்கிறது; அங்கே துணுக்குகள் காலப்போக்கில் திரண்டு சந்திரன்களாக மாறியாக வேண்டும். இன்னும் மாறவில்லையென்றால் அவை இளமையானவை என்று பொருள். அந்த விண்மீனின் வயது ஏறத்தாழ 16 மில்லியன் ஆண்டுகள் என்று முதல் ஆய்வு மதிப்பிட்டது. சூரியனின் 4,600 மில்லியன் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய வயது. எனவே நாம் பேசிக்கொண்டிருப்பது, வியாழனின் பெரிய சந்திரன்கள் பிறப்பதற்கு முன்னர் வியாழனைச் சுற்றி இருந்திருக்கக்கூடிய தட்டைப் போன்ற ஒன்றைப் பற்றி.

பதில்: பம்பலப்பிட்டி பௌதிகம்

மேலே தென்வானம் எழுதியதோடு உடன்படுகிறேன். சுற்றுகிறதா, மிதக்கிறதா என்ற கேள்விக்கு உயர்தரப் பௌதிகவியல் அறிவே பெரும்பகுதி வழியைக் காட்டிவிடும் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செக்கனுக்கு 35 கிலோமீற்றர் என்ற வேகத்தைக் கையில் எடுங்கள். விண்மீனின் திணிவு சூரியனின் 0.9 பங்கு. ஒரு பொருள் இந்த விண்மீனை வட்ட ஒழுக்கில் இந்த வேகத்தில் சுற்ற வேண்டுமானால், அது ஏறத்தாழ 0.65 வானியல் அலகு தூரத்தில் இருக்க வேண்டும் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரமே ஒரு வானியல் அலகு). வளையங்களின் ஆரையோ 0.6 வானியல் அலகு. அதாவது வளையத்தின் வெளிவிளிம்பு விண்மீனையே தொட்டுவிடும் நிலைக்கு வருகிறது. விண்மீனின் ஈர்ப்பு அப்படிப்பட்ட தட்டை ஒரு சுற்றுக்குக் கூட விட்டுவைக்காது. மேலும், அந்தத் தூரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 200 நாள்தான் ஆகும் என்பதால், சுப்பர்வாஸ்ப் பதிவுகளிலேயே அடுத்த மங்கல் பிடிபட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. வட்ட ஒழுக்கு இத்துடன் முடிந்தது.

நீள்வளைய ஒழுக்கில் வந்து, விண்மீனை நெருங்கும்போது மட்டும் வேகம் கூடியது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஓர் எல்லை உண்டு. விண்மீனின் பிடிக்குள் இருக்கும் எந்தப் பொருளும் 35 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல வேண்டுமானால், அந்த நேரத்தில் அது விண்மீனிலிருந்து ஏறத்தாழ 1.3 வானியல் அலகுக்கு உட்பட்டே இருக்க முடியும். அதற்கு அப்பால் அந்த வேகம் தப்பல் வேகத்தை, அதாவது விண்மீனின் ஈர்ப்பிலிருந்து விடுபடப் போதுமான வேகத்தை, மிஞ்சிவிடும். 1.3 வானியல் அலகு தூரத்தில் 0.6 ஆரையுள்ள வளையங்கள் என்றால், அவை விண்மீனை நோக்கிப் பாதி வழிவரை நீண்டு நிற்கின்றன. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் விண்மீன் வெளி வளையங்களைப் பிய்த்தெடுக்கும். ஒரு சில சுற்றுகளில் தட்டு சிதைந்துவிடும் என்பதே என் எதிர்பார்ப்பு.

இத்தனை இடர்ப்பாடுகளும் ஓர் எடுகோளைக் கைவிட்டால் மறைந்துவிடுகின்றன. அந்தப் பொருள் விண்மீனுக்கு உரியதே அன்று. வழியே சென்ற வேறொரு பொருள் நமக்கும் விண்மீனுக்கும் இடையிலான கோட்டைத் தற்செயலாகக் கடந்தது என்று கொண்டால், நெருங்கவும் வேண்டியதில்லை, வளையங்கள் சிதையவும் வேண்டியதில்லை, திரும்பி வரவும் வேண்டியதில்லை. நான் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

பதில்: கொட்டாஞ்சேனை வாசகர்

பௌதிகம் அவர்களின் கணக்கு சரியானது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு சற்று அவசரமானது என்று கருதுவதால் எழுதுகிறேன்.

முதலாவதாக, வளையங்கள் ஓரிரு சுற்றில் சிதைந்துவிடும் என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் ரீடர், மத்தியூ கென்வேர்தி ஆகியோர் 2016இல் செய்த கணினிக் கணிப்புகளில், 11 ஆண்டு ஒழுக்கும், வியாழனைப் போல் 60 தொடக்கம் 100 மடங்கு திணிவும் கொடுத்து, வளையத் துணுக்குகளை ஒழுக்கின் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றவிட்டபோது, தட்டு குறைந்தது 100,000 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. எதிர்த்திசைச் சுழற்சி அரிதானது என்பதை ஏற்கிறேன். அரிதானது வேறு, இயலாதது வேறு. அவ்வளவு திணிவிருந்தால் அது கோளாக இராது. கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட கபிலக் குள்ளனாகவோ மிகச் சிறிய விண்மீனாகவோ இருக்கும்.

இரண்டாவதாக, தற்செயல் என்று சொல்வது எளிது. வானத்தின் வெறுமை எத்தகையது என்று அறிந்தவர்களுக்கு, தனியே மிதக்கும் ஒரு பொருள் மிகச் சரியாக ஒரு விண்மீனுக்கு முன்னால், அதுவும் நாம் பார்த்துக்கொண்டிருந்த சில ஆண்டுகளுக்குள் கடந்து சென்றது என்பது எவ்வளவு பெரிய தற்செயல் என்பது விளங்கும். விண்மீனோடு சேர்ந்தே சுற்றும் பொருளுக்கு இந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஓரிகா மண்டலத்தில் எப்சிலன் ஓரிகே என்ற விண்மீனை 27 ஆண்டுக்கு ஒருமுறை கருந்தட்டு ஒன்று மறைப்பதும், 2009 தொடக்கம் 2011 வரை நிகழ்ந்த மறைப்பின்போது அந்தத் தட்டின் நிழலுருவே படமாக்கப்பட்டதும் நினைவில் இருக்கட்டும். நீண்ட கால இடைவெளியில் திரும்பி வரும் தட்டுகள் உண்மையிலேயே உள்ளன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். ஒரே ஒரு மறைப்பைக் கொண்டு ஒழுக்கு இல்லை என்று முடிவு கட்டலாமா?

பதில்: பம்பலப்பிட்டி பௌதிகம்

தங்கள் இரண்டாவது வாதம் வலுவானது. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை என்றாலும், எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டிய சான்றுகளும் இருக்கின்றன.

அந்த விண்மீன் 2007க்கு முன்னர் எப்போதாவது மங்கியதா என்று பார்க்க, 1890 முதல் 1990 வரை எடுக்கப்பட்ட கண்ணாடிப் புகைப்படத் தகடுகளைத் தேடினார்கள். ஹார்வர்ட், ஜேர்மனியின் பாம்பேர்க் ஆகிய இடங்களின் சேமிப்பில் அந்த விண்மீன் விழுந்திருந்த தகடுகளில் ஒன்றிலும் மறைப்பு இல்லை என்று 2018இல் அறிவித்தார்கள். தகடுகளுக்கிடையில் இடைவெளிகள் இருப்பதால் எல்லா ஒழுக்குகளையும் இது நீக்கிவிடவில்லை. ஆயினும் கால அளவுகள் பல நீங்கின. 2007க்குப் பிந்திய காலத்தில், பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வ அவதானிகள் உட்படப் பலர் காத்திருந்தும் மறைப்பு மீண்டும் வரவில்லை. நீங்கள் குறிப்பிட்ட 11 ஆண்டு ஒழுக்கை எடுத்தால், 2018ஐ ஒட்டி அது திரும்பியிருக்க வேண்டும்.

அடுத்தது அல்மா. சிலியின் அட்டகாமாப் பாலைவனத்திலுள்ள அந்த வானொலி அலைத் தொலைகாட்டி வரிசை, குளிர்ந்த தூசின் ஒளியைப் பிடிக்க வல்லது. 2017இல் அது இந்த விண்மீனை நோக்கியபோது, விண்மீன் இருந்த இடத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் சற்றுத் தள்ளி மங்கலான புள்ளி ஒன்று தெரிந்தது. இதை 2020இல் கென்வேர்தி குழுவினர் வெளியிட்டார்கள். இந்தத் தள்ளலின் அளவுதான் முக்கியம். செக்கனுக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பொருள் ஆண்டுக்கு ஏழு வானியல் அலகுக்குச் சற்று மேல் நகரும். 2007இலிருந்து 2017 வரை ஏறத்தாழ 75 வானியல் அலகு. நெப்டியூன் சூரியனிலிருந்து 30 வானியல் அலகு தூரத்தில் இருப்பதை நினைத்தால் இது எவ்வளவு தொலைவு என்பது புரியும். 450 ஒளியாண்டுக்கு அருகான தூரத்திலிருந்து பார்க்கையில் அது ஒரு விற்செக்கனின் (பாகையின் 3,600இல் ஒரு பங்கின்) பாதி. விண்மீனின் பிடியிலிருந்து விடுபட்டுச் செல்லும் பொருளுக்கு எதிர்பார்க்கக்கூடிய தொலைவிலேயே அந்தப் புள்ளி இருந்தது. அதுவே இது என்றால் அதன் திணிவு வியாழனின் ஆறு மடங்குக்கு உட்பட்டது என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் அது வெகு தொலைவிலுள்ள, நம் பால்வீதியைப் போன்ற விண்மீன் கூட்டம் ஒன்றாகவும் இருக்கலாம் என்பதை அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஒரு படம் மட்டும் இருக்கையில் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. வெவ்வேறு காலங்களில் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, புள்ளி நகர்ந்ததா என்று பார்ப்பதே வழி.

தட்டோடு தனியே மிதக்கும் பொருள்கள் இருக்கின்றனவா என்று கேட்டால், ஆம், அதில் சந்தேகமில்லை. கமீலியன் மண்டலத்திலுள்ள ஓடிஎஸ் 44 வியாழனைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு திணிவுள்ளது. எந்த விண்மீனையும் சாராதது. அதைச் சுற்றித் தூசுத் தட்டு இருப்பது அல்மாவாலும் உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஆசிரியை அவர்களின் மாணவர்களுக்கு, "தனியே மிதப்பதாகக் கருத வலுவான காரணங்கள் உண்டு, விண்மீனைச் சுற்றும் நீண்ட ஒழுக்குகள் சில முற்றாக நீக்கப்படவில்லை" என்று எழுதச் சொல்வேன். முரண்பட்ட அந்த இரு மாணவர்களும் இதன் கீழ் கையொப்பமிடலாம்.

பதில்: தெகிவளை அவதானி

கொழும்பிலிருந்து காட்ட முடியுமா என்ற கேள்விக்கு என் பதில்: இடத்தைக் காட்டலாம், விண்மீனைக் காட்டுவது கடினம். அதன் பிரகாசம் 12ஆம் தரத்தை ஒட்டியது (தர எண் கூடக்கூட விண்மீன் மங்கலானது). வெறுங்கண்ணுக்கு நல்ல இருளிலும் 6ஆம் தரம்வரையே தெரியும். நம் நகரத்து வெளிச்சத்தில் அதுவும் இல்லை. கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி போன்ற ஒன்றுக்கு அது எளிய இலக்கு. பாடசாலைகளிலுள்ள சிறு தொலைகாட்டிகளுக்கு அன்று.

இடத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. தென்சிலுவைக்குக் கிழக்கே அல்பா சென்ரோரி, பீற்றா சென்ரோரி என்னும் இரு பிரகாசமான விண்மீன்கள் அருகருகே நிற்கும். சிலுவைக்கு அண்மையில் இருப்பது பீற்றா. அது நேர்தெற்கே நிற்கும் நேரத்தில், கையை முழுதாக நீட்டி, அதிலிருந்து நேர்மேலே ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக அளந்தால், தனியாக நிற்கும் மென்கென்ற் என்ற விண்மீன் வரும். அது 2ஆம் தரம் என்பதால் வெள்ளவத்தையிலிருந்தும் தெரியும். மென்கென்ற்றிலிருந்து நேர்கீழே இரண்டு விரற்கடை இறங்கினால் அந்த வெற்றிடத்தில்தான் ஜே1407 இருக்கிறது. கொழும்பில் அது தெற்கு அடிவானிலிருந்து 43 பாகை உயரம்வரை ஏறுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து பார்க்கவே முடியாத, அல்லது அடிவானத்தோடு ஒட்டியே தெரியும் பகுதி இது. இந்த விடயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

ஏப்ரல் கடைசியில் நள்ளிரவை ஒட்டியும், மே கடைசியில் இரவு பத்து மணியளவிலும் அது உச்சிக்கு வரும். மே பிற்பகுதியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று முகிலைக் கொண்டுவந்துவிடும் என்பதால், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் இரவுகளையே தேர்ந்தெடுங்கள். தவறினால் ஆகஸ்ட் முன்னிரவில் தென்மேற்கே, கடலின் மேலே 25 பாகைக்குச் சற்று மேல் நிற்கும். காலிமுகத்திடலில் தெருவிளக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும்.

ஆசிரியை, மீண்டும்

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்தேன். மறைப்பு என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் படத்திலிருந்த குறிப்பில் 37 வளையங்கள் என்று எண்ணிக்கையே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு புள்ளியாகத் தெரியும் விண்மீனின் ஒளியிலிருந்து வளையங்களை எப்படி எண்ணினார்கள் என்று கேட்கிறார்கள். சந்திரன் ஒன்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறது. அதையும் பலகையில் சேர்க்கலாமா?

பதில்: தென்வானம்

நல்ல கேள்வி, அந்த மாணவர்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

வளையங்களை எண்ணியது வரைபின் சரிவுகளைக் கொண்டு. ஒளியை அதிகம் மறைக்கும் வளையத்திலிருந்து குறைவாக மறைக்கும் வளையத்துக்கு விளிம்பு மாறும் ஒவ்வொரு தடவையும் வரைபின் சரிவு மாறும். விண்மீனின் வட்டம் மிகச் சிறிது. ஆகவே அது வளையங்களின் மீது ஒரு கூர்மையான முனை போல நகர்ந்து, ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியே பதிவுசெய்துவிடுகிறது. 2015இன் மாதிரி, இத்தகைய மாற்றங்களுக்குப் பொருந்துமாறு வெவ்வேறு அடர்த்தியுள்ள 37 வளையங்களை வைத்து வரைபை மீட்டெடுத்தது. எனவே 37 என்பது மாதிரியில் தேவைப்பட்ட எண்ணிக்கை. சதர்லண்டில் பகலிலும் முகில் நாட்களிலும் அளவீடு இல்லை. அந்த இடைவெளிகளில் கடந்துபோனவை எண்ணப்படவில்லை. பலகையில் "37 வளையங்கள் உள்ளன" என்று எழுதாமல், "37 வளையங்கள் கொண்ட மாதிரி வரைபுக்குப் பொருந்துகிறது" என்று எழுதச் செய்யுங்கள்.

சந்திரனின் நிலையும் அதுவே, இன்னும் ஒருபடி தள்ளி. நடுவிலிருந்து ஏறத்தாழ 61 மில்லியன் கிலோமீற்றர் தூரத்தில் வளையங்களுக்கிடையே ஓர் அகன்ற வெளி இருப்பதாக மாதிரி காட்டுகிறது. சனியின் வளையங்களிலுள்ள வெளிகள் சிலவற்றை அங்கேயே சுற்றும் சிறு சந்திரன்கள் பெருக்கித் துப்புரவாக்கி வைத்திருப்பதை நாம் நேரில் அறிவோம். அந்த ஒப்புமையால் இங்கேயும் ஒரு சந்திரன், பூமியின் திணிவில் ஏறத்தாழ 0.8 பங்குவரை உடையது, அந்த வெளியை உண்டாக்கியிருக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். சந்திரன் காணப்படவில்லை, வெளியும் மாதிரியின் வழியாகவே அறியப்பட்டது. "முன்மொழியப்பட்டுள்ளது" என்ற சொல்லோடு சேர்ப்பதில் தவறில்லை.

இதை மேசைமேல் செய்தும் காட்டலாம். கடினத்தாள் ஒன்றில் ஒரே மையத்தில் பல வளையங்களை வெட்டி, சிலவற்றை வெறுமையாக விட்டு, சிலவற்றில் எண்ணெய்த்தாளை ஒரு மடிப்பாகவும் சிலவற்றில் பல மடிப்பாகவும் ஒட்டுங்கள். இருட்டறையில் ஒரு சிறு மின்சூளின் முகத்தை ஊசித்துளையிட்ட கறுப்புத் தாளால் மூடி, எதிரே ஒளியளவு காட்டும் செயலியுள்ள கைப்பேசியை வைத்து, இடையில் தட்டைச் சாய்வாக மெல்ல நகர்த்தினால், மாணவர்களே புள்ளிகளைக் குறித்து வரைபு வரையலாம். பிறகு தட்டைப் பார்க்காத மற்றொரு குழுவிடம் அந்த வரைபை மட்டும் கொடுத்து, வளையங்களை வரையச் சொல்லுங்கள். எங்கே சரியாக வருகிறது, எங்கே பிசகுகிறது என்பது இரண்டு படங்களையும் அருகருகே வைத்ததும் தெரிந்துவிடும். தட்டைச் சாய்க்கும் கோணத்தை மாற்றி மறுபடி செய்தால், ஒரே தட்டு வேறு வரைபைத் தருவதையும் காண்பார்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை வாசகர்

பலகையில் இடம் மிஞ்சினால் இரண்டு செய்திகளைச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். பிடிஎஸ் 70சி என்ற இளம் கோளைச் சுற்றி, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தோடு ஒப்பிடத்தக்க விட்டமுள்ள தட்டு ஒன்று இருப்பதை அல்மா படமாகவே எடுத்து 2021இல் வெளியிட்டார்கள். ஜே1407பியைப் பற்றிய விவாதம் எப்படி முடிந்தாலும், அவ்வளவு பெரிய தட்டுகள் கோள்களைச் சுற்றி இருக்க முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

மற்றது, இரவுதோறும் வானம் முழுவதையும் கண்காணிக்கும் ஏசஸ்-எஸ்என் என்ற வலையமைப்பு 2021இல் மங்கத் தொடங்கியதாகக் கண்டறிந்த ஏஎஸ்ஏஎஸ்எஸ்என்-21ஜேஎஸ் என்ற விண்மீன். அதன் முன்னால் பெரும் வளையத் தட்டு ஒன்று கடந்துகொண்டிருப்பதாகவும், கடந்து முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்றும் அதன் ஒளி வரைபை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். 2007இல் மறைப்பு முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே தரவுகளுக்குள் அதைக் கண்டார்கள். இதிலோ மறைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பெரிய தொலைகாட்டிகளைத் திருப்பி, வளையத் தூசின் வழியே வடிகட்டி வரும் ஒளியைப் பிரித்துப் பார்க்கலாம். தூசின் துணுக்குகள் எவ்வளவு பெரியவை என்பதையும் அதிலிருந்தே அறியலாம்.